குட்னா ஹோரா: எலும்பைப் பார்த்துவிட்டு வெள்ளியைத் தவறவிடாதீர்கள்

செக் நாட்டுத் தலைநகர் பிராகிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது குட்னா ஹோரா. ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரம்தான். அதனாலேயே பலர் இந்த ஊருக்கு அரை நாள் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். செட்லெட்ஸில் உள்ள, மனித எலும்புகளால் அலங்கரித்த எலும்புத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் பார்ப்பது ஊரின் ஓரத்தை மட்டுமே. செட்லெட்ஸ் புறநகர்ப் பகுதி. பழைய நகரம் அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிறது.

இந்தத் தவறுக்கு ரயில் நிலையமும் ஒரு காரணம். பிராக் ரயில் நிற்கும் முதன்மை நிலையம் செட்லெட்ஸ் பக்கம் இருக்கிறது. இறங்கியவுடன் நகரம் வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. அங்கிருந்து சிறிய உள்ளூர் ரயில் ஒன்று செட்லெட்ஸ் வழியாக நகர நிலையத்துக்குப் போகிறது. பஸ்ஸும் உண்டு.

எலும்புத் தேவாலயத்தைப் பேய் வீடு போல நினைத்துக்கொண்டு நுழைவது இன்னொரு தவறு. 1278-இல் செட்லெட்ஸ் மடத்தின் தலைவர் எருசலேமிலிருந்து, இயேசு சிலுவையில் அறையப்பட்ட கொல்கொதாவின் மண்ணைக் கொண்டுவந்து இந்தக் கல்லறைத் தோட்டத்தில் தூவினார் என்பது மரபு. அதன்பின் இங்கே அடக்கம் செய்யப்பட வேண்டும் என்று பலரும் விரும்பினார்கள். 14-ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோயும் 15-ஆம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸ்ஸின் ஆதரவாளர்கள் நடத்திய ஹுஸ்ஸைட் போர்களும் இடுகாட்டை நிரப்பின. இங்குள்ளவை குறைந்தது 40,000 பேருடைய எலும்புகள் என்கிறார்கள். அவற்றை 1870-இல் சரவிளக்காகவும் ஷ்வார்ட்சென்பெர்க் என்ற பிரபுக் குடும்பத்தின் சின்னமாகவும் அடுக்கியவர் ஃப்ரான்டிஷெக் ரின்ட் என்ற மரச்சிற்பி. அந்தச் சின்னத்தைச் சற்று நின்று பாருங்கள்: ஒரு காகம் துருக்கிய வீரனின் கண்ணைக் கொத்துகிறது, அதுவும் எலும்பால் ஆனது. சுவரில் ரின்டின் பெயரும் ஆண்டும்கூட எலும்பிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

மண்டை ஓடுகளோடு விளையாட்டாகப் படம் எடுத்துக்கொள்பவர்கள் பெருகியதால், 2020 முதல் உள்ளே முன் அனுமதியின்றிப் புகைப்படம் எடுக்கத் தடை இருக்கிறது. அது சரியான முடிவு என்பேன். இது இன்றும் இடுகாடுதான். டிக்கெட் வாசலில் கிடைக்கும் என்று நேரே போய் நிற்காதீர்கள். அருகிலுள்ள தகவல் மையத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்திலேயே இருக்கும் அன்னை மரியாள் பேராலயத்தையும் விட்டுவிடாதீர்கள். 1421-இல் ஹுஸ்ஸைட்டுகள் எரித்த அந்த ஆலயத்தை 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தினி என்ற கட்டடக் கலைஞர் மீட்டெழுப்பினார். யுனெஸ்கோ 1995-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, பழைய நகரத்தோடும் புனித பார்பரா தேவாலயத்தோடும் சேர்த்துப் பெயர் சொன்னது இந்தப் பேராலயத்தைத்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வெள்ளியின் கதை தெரியாமல் நகரத்துக்குள் நடப்பது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வெள்ளி கொட்டத் தொடங்கியது. 1300-இல் இரண்டாம் வென்ஸ்லாஸ் மன்னர் சுரங்கத் தொழிலுக்கென்றே ஒரு சட்டத் தொகுப்பை வெளியிட்டார். இத்தாலிய வல்லுநர்களை வரவழைத்து பிராக் க்ரோஷன் என்ற வெள்ளிக் காசை அச்சடிக்கவும் வைத்தார். அந்த நாணயச்சாலைதான் இன்றைய இத்தாலிய அரண்மனை. பொஹீமிய (இன்றைய செக் நாட்டின் பகுதி) மன்னர்களின் செல்வாக்குக்கு அடித்தளமாக இருந்தது இந்த ஊரின் பாதாளம். ஓசெல் என்ற சுரங்கம் ஏறக்குறைய 500 மீட்டர் ஆழம் போனது.

இது தெரிந்தால்தான் புனித பார்பரா தேவாலயம் புரியும். பார்பரா சுரங்கத் தொழிலாளர்களின் காவல் புனிதை. ஊரின் ஆலய நிர்வாகம் செட்லெட்ஸ் மடத்தின் கையில் இருந்தது. அந்தப் பிடிக்குள் வராதபடி, மதிலுக்கு வெளியே, மடத்துக்கு அதிகாரம் இல்லாத நிலத்தில், வெள்ளியில் செழித்த நகரத்தார் தங்கள் பணத்தில் 1388-இல் இந்தக் கோயிலைத் தொடங்கினார்கள். பணம் வற்றியபோதெல்லாம் வேலையும் நின்றது. 1558-இல் நின்றுபோன கட்டடம் 1905-இல்தான் முழுமை பெற்றது. ஆகவே மேற்கு முகப்பைப் பார்த்து இடைக்காலக் கைவண்ணம் என்று வியக்காதீர்கள். அது 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பணி. கட்டடக் கலைஞர் பெனடிக்ட் ரீட் அமைத்த மேற்கூரை வளைவுகளை அண்ணாந்து பார்த்தே பலர் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்துச் சிற்றாலயங்களின் சுவர்களைப் பாருங்கள். அங்கே சுத்தியலை ஓங்கிக் காசு அடிக்கும் தொழிலாளிகளைத் தீட்டியிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் வெள்ளை அங்கி அணிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சிலை நிற்கிறது. உழைப்பவனுக்குக் கோயிலுக்குள் இவ்வளவு இடம் கொடுத்த ஊர்கள் குறைவு.

அதே வெள்ளை அங்கியையும் தலைக்கவசத்தையும் மாட்டிக்கொண்டு நீங்களும் சுரங்கத்துக்குள் இறங்கலாம். ஹ்ராடெக் கட்டடத்தில் உள்ள வெள்ளி அருங்காட்சியகம் அழைத்துப் போகிறது. திங்கட்கிழமையிலோ குளிர்காலத்திலோ போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்க நேரிடும். பாதை குறுகலானது, சில இடங்களில் குனிந்து போக வேண்டும். மூடிய இடங்களைக் கண்டு பயப்படுபவர்கள் தவிர்ப்பது நல்லது. கோடையிலும் உள்ளே குளிரும் என்பதால் மெல்லிய உடையோடு போகாதீர்கள்.

நேரம் குறைவென்றால் செட்லெட்ஸைக் காலையில் முடித்துவிட்டு, பார்பராவுக்கும் இத்தாலிய அரண்மனைக்கும் பிற்பகல் முழுவதையும் ஒதுக்குங்கள். இந்த ஊரின் முக்கியத்துவம் வெள்ளியோடு நிற்கவில்லை: 1409-இல் பிராக் பல்கலைக்கழகத்தில் செக் தரப்புக்கு மூன்று வாக்குகளும் மற்றவர்களுக்குச் சேர்த்து ஒன்றும் தந்த ஆணையை நான்காம் வென்ஸ்லாஸ் பிறப்பித்தது இந்த ஊரில்தான். அதை ஏற்காமல் வெளியேறிய ஜெர்மன் பேராசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்துதான் லைப்சிக் பல்கலைக்கழகம் உருவானது.