அஸ்வின் சரி, சாப்பல் தப்பு என்றால் எப்படி?

மாணவர்களின் விளையாட்டு அறவியல் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தால், என்னுடைய பழைய கட்டுரைகளையே திரும்பப் படிப்பதுபோல இருக்கிறது. பயன்வாதத்தை, அதாவது எல்லோருக்கும் சேர்த்து நல்ல விளைவு தருவதே சரி என்பதை, சுயநலம் என்று நினைப்பதெல்லாம் ஒரு பருவத்தில் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு, திரும்பத் திரும்ப வரும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

தீர்ப்பு முதலில், கோட்பாடு அப்புறம்

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் பந்தை வீசாமலே பெயில்ஸைத் தட்டி, பந்துவீசும் முனையில் கோட்டைத் தாண்டியிருந்த பட்லரை ரன் அவுட் செய்தார். வகுப்பில் கேட்டால் உடனே கடமை அறவியலை, அதாவது விளைவைப் பார்க்காமல் விதிப்படி நட என்பதை, தூக்கிக்கொண்டு வருவார்கள்: "விதியில் இருக்கு சார், முடிஞ்சது."

சரி. 1981 பிப்ரவரி 1, மெல்போர்ன். ஆட்டம் டை ஆகக் கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு ஆறு ரன் தேவை. ஆஸ்திரேலியக் கேப்டன் கிரெக் சாப்பல் சொல்ல, தம்பி டிரெவர் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார். அன்றைக்கு அதையும் விதி தடுக்கவில்லை. இதைச் சொன்னால் அதே பிள்ளைகள், "ஆட்டத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கே சார்" என்கிறார்கள். பத்து நிமிடம் முன்னால் அந்த மரியாதை எங்கே போயிருந்தது?

இரண்டையும் பிரிக்க வழி உண்டு. முன்கூட்டியே நகரும் பேட்டர் இரண்டடி திருடுகிறார். பந்துவீச்சாளர் அதைத் தடுக்கிறார். உருட்டிய பந்தோ, மட்டை பிடித்தவர் திறமை காட்ட இடமே இல்லாமல் செய்துவிடுகிறது. ஆனால் இந்தக் காரணத்தை எடுத்தால் 'விதியில் இருக்கிறது' என்பதைக் கீழே போட்டாக வேண்டும்.

எனக்கு இது புத்தகத்தில் உறைக்கவில்லை. ஒரு மாவட்டப் போட்டியின் விசாரணைக் குழுவில் இருந்தேன். வயதைக் குறைத்த சான்றிதழோடு ஒரு பையன் மாட்டினான். ஏற்பாடு செய்தது அவன் பயிற்சியாளர். 'விளைவைப் பார்க்கக் கூடாது, பொய் பொய்தான்' என்று ஒரு பக்கம் எழுதி ஓராண்டுத் தடை வாங்கிக்கொடுத்தேன். அடுத்த வருடம் எங்கள் அணிப் பையனே அப்படி மாட்டினான். குழுவில் நான் இல்லை. அவனுக்காகப் பேசப் போனேன். வீட்டு வறுமை, பாழாகும் எதிர்காலம் என்று விளைவுகளாக அடுக்கினேன். குழுவில் இருந்த ஓர் அம்மா என் பழைய அறிக்கையை எடுத்து நிதானமாக வாசித்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் பையன் அதற்குப் பிறகு மைதானத்துக்கு வரவே இல்லை.

இப்போதெல்லாம் மாணவர்களிடம் கொள்கையை முதலில் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் வழக்கைக் கொடுக்கிறேன். அதுவும் அணிப் பெயர்களை அழித்துவிட்டு. முணுமுணுக்கிறார்கள்.

"தண்டனைதான் வாங்கிட்டாரே"

2010 கால்பந்து உலகக் கோப்பைக் காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கானாவுக்கு விழவிருந்த கோலை உருகுவேயின் சுவாரஸ் கையால் தடுத்தார். சிவப்பு அட்டை, பெனால்டி. ஜியான் அடித்தது மேல்கம்பத்தில் பட்டுப் போனது. பெனால்டி ஷூட் அவுட்டில் உருகுவே ஜெயித்தது. தண்டனை வாங்கிவிட்டதால் சுவாரஸ் செய்தது சரிதான் என்று எழுதுகிறார்கள். அபராதம் கட்டிவிட்டால் ஹெல்மெட் போடாமல் போனது சரியாகிவிடுமா?

புது விதியைப் பழைய வழக்குக்குச் சாட்சியாக்குவது

2022 அக்டோபரில் அஸ்வின் செய்தது மாதிரியான ரன் அவுட், 'நியாயமற்ற ஆட்டம்' விதியிலிருந்து சாதாரண ரன் அவுட் விதிக்கு மாறியது. 2019க்கு அது பதில் இல்லை.

எல்லாக் கோட்பாட்டுக்கும் ஆளுக்கொரு பத்தி

வேண்டாம்.

வீடியோவைப் பார்க்காமல் எழுதுவது

அஸ்வின் ஓடிவந்து நின்று காத்திருந்தாரா என்பதில்தான் அன்றைய சண்டையே. முதலில் அதைப் பாருங்கள்.