செம்பருத்தியையும் தேன்சிட்டையும் ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

பூச்செடி ஒன்றையும் பாடும் பறவை ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால், "செடி நகராது, பறவை பறக்கும்" என்ற வரியோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். இரண்டு உயிர்களிடமும் கேட்கத்தக்க ஒரே கேள்வியை முதலில் வகுத்துக்கொண்டால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் இருக்கும். சென்னைவாசிகளுக்கு வெகுதூரம் அலையாமல் கிடைக்கும் இணை, வாசலில் நிற்கும் சிவப்புச் செம்பருத்தியும் அதை நாடி வரும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் ஆகும்.

வகைப்பாட்டைச் சுருக்கமாக முடித்துக்கொள்ளலாம். வெண்டையும் பூவரசும் அடங்கிய மால்வேசியே குடும்பத்தைச் சேர்ந்த செம்பருத்திக்கு 1753இல் அறிவியல் பெயரிட்ட ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸே, நெக்டரினிடே குடும்பத்துத் தேன்சிட்டையும் 1766இல் பெயரிட்டு விவரித்தார்.

அடுத்து, பிறர் கவனத்தை இவை எவ்வாறு ஈர்க்கின்றன என்று கேளுங்கள். சிட்டின் பாட்டுக்கு ஈடாகப் பூவின் மணத்தை எழுதிவிடாதீர்கள். செம்பருத்திக்குச் சொல்லத்தக்க மணம் இல்லை. நிறத்தையே ஒப்பிட வேண்டும். இதழைக் கசக்கினால் விரலில் ஒட்டும் சாயம் ஆந்தோசயனின் என்னும் நிறமி. ஆண் சிட்டின் உச்சந்தலையில் மின்னும் பச்சையோ, இறகின் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டு எழுவது. அதனால்தான் நிழலுக்குள் போனதும் அதே தலை கறுத்துத் தெரிகிறது. படம் எடுப்பவர்கள் வெயிலுக்கு முதுகு காட்டி நிற்பது நல்லது.

இனப்பெருக்கத்தில் வேறுபாடு தெளிவானது. செம்பருத்தி மலரின் நடுவே நீளும் குழாயின் மேல் மகரந்தப் பைகளும் அதன் நுனியில் மகரந்தத்தை ஏற்கும் 5 சூல்முடிகளும் இருப்பதால், ஆண் பெண் உறுப்புகள் இரண்டும் ஒரே பூவில் அமைகின்றன. சிட்டில் ஆணும் பெண்ணும் தனித்தனி, நிறத்தாலேயே அடையாளம் காணலாம். சிலந்தி நூலால் பிணைத்த தொங்கு கூட்டில் பெரும்பாலும் 2 முட்டைகள் இடப்படும். வீட்டுச் செம்பருத்தியோ அரிதாகவே விதை பிடிக்கும் என்பதால், நாம் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டே அதைப் பெருக்குகிறோம்.

கடைசியாக, இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். என் கணிப்பில் ஒப்பீட்டின் உயிர்ப்பான பகுதி இதுவே. "தேனுக்கு ஈடாக மகரந்தச் சேர்க்கை" என்று எழுதுமுன், காலையில் செடியருகே அசையாமல் நின்று, சிட்டு பூவின் எந்தப் பக்கம் அமர்கிறது என்று கவனியுங்கள். பல வேளைகளில் அது பின்புறமாகச் சென்று, பூவின் அடியில் உள்ள பச்சை உறையான புல்லிவட்டத்தை ஒட்டி அலகால் துளையிட்டு, மகரந்தத்தைத் தொடாமலே தேனை உறிஞ்சிவிடும். பூ ஒரே நாளில் வாடிவிடும் என்பதால், அன்று மாலைக்குள் அடிப்பகுதியில் கீறல் உள்ளதா என்று பார்த்து, முன்பக்க வருகைகளையும் பின்பக்க வருகைகளையும் தனித்தனியே குறித்துவையுங்கள்.