திருத்தத் திருத்தப் பழையபடியே ஆன சிஎஃப்ஜி கோப்பு

லினக்ஸில், பழைய வீடியோ கேம்களை ஓட்டும் எமுலேட்டர் நிரலான ரெட்ரோஆர்க்கில் ஒலி தாமதமாக வந்தது. அதன் அமைப்புகள் இருக்கும் சிஎஃப்ஜி கோப்பைத் திறந்து தாமத எண்ணை மாற்றினேன். மறுபடி ஓட்டினால் அதே தாமதம். கோப்பு அனுமதிகளைக்கூட நோண்டிப் பார்த்தேன், வீண் வேலை.

தப்பு என்னுடையதுதான். முன்பு டிஸ்ட்ரோவின் (என் லினக்ஸ் பதிப்பின்) தொகுப்பாக நிறுவியிருந்தேன்; பிறகு ஃபிளாட்பேக்குக்கு (எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும் தனித் தொகுப்பு முறை) மாறியதை மறந்தே போனேன். டிஸ்ட்ரோவின் பதிப்பு, ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் 'டாட் கான்ஃபிக்' உள்ளே தன் அமைப்புகளை வைக்கும். ஃபிளாட்பேக் பதிப்போ 'டாட் வார்' உள்ளே 'ஆப்' என்ற கோப்புறையில். நான் திருத்திக்கொண்டிருந்தது யாரும் படிக்காத பழைய கோப்பு! (விண்டோஸில் இந்தத் தொல்லை குறைவு, கோப்பு பெரும்பாலும் நிரலின் இஎக்ஸ்இ பக்கத்திலேயே கிடக்கும்.)

சரியான கோப்பைப் பிடித்த பிறகும் மாற்றம் நிலைக்கவில்லை. எமுலேட்டர் ஓடும்போதே திருத்தினால், மூடும் நேரத்தில் அது தன் நினைவில் உள்ள பழைய மதிப்புகளை மேலே எழுதிவிடும். 'வெளியேறும்போது சேமி' என்ற அமைப்பின் வேலை இது. அதை அணைத்துவிட்டேன். இப்போது முதலில் மூடிவிட்டுத்தான் கோப்பைத் தொடுகிறேன்.

ஒரே ஒரு விளையாட்டு மட்டும் அப்போதும் அடம்பிடித்தது. எப்போதோ அதற்கென்று தனியாக ஓவர்ரைடு (பொது அமைப்பை மீறும் தனி அமைப்பு) சேமித்திருக்கிறேன். விளையாட்டின் ஓவர்ரைடு கோரின் (விளையாட்டை உண்மையில் ஓட்டும் உள்நிரலின்) ஓவர்ரைடை வெல்லும். கோருடையது பொதுக் கோப்பை வெல்லும். 'கான்ஃபிக்' கோப்புறையில் கோரின் பெயருக்குள் இருந்த அந்தச் சின்னக் கோப்பை அழித்ததும் ஒலி சரியானது. கோருக்கே உரிய விருப்பங்கள் தனியாக ஓபிடி கோப்பில் இருக்கும் என்பதால், இப்போதெல்லாம் அந்தக் கோப்புறை முழுவதையும் நகலெடுத்து வைத்துவிட்டே கை வைக்கிறேன்.