சீட்டுக்கட்டை எடுங்கள், கூட்டல் தானாக வரும்

பிள்ளைக்குக் கூட்டல் வரவில்லை என்று வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்லிப் படுத்துவதற்கு முன்னால், வீட்டில் கிடக்கும் பழைய சீட்டுக்கட்டை எடுத்துப் பாருங்கள். ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஜோக்கர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் 36 சீட்டு மிஞ்சும், அதில் ஏஸை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பி, ஆளுக்கு இரண்டாகத் திருப்ப வேண்டும். கூட்டினால் 10 வந்தால் அந்த ஜோடி திருப்பியவருக்கு, வராவிட்டால் மறுபடி கவிழ்த்துவிடலாம். மொத்தம் சரியாக 18 ஜோடி, ஒன்றுகூட மிச்சமாகாது. ரொம்பச் சின்னப் பிள்ளை என்றால் திறந்தே வைத்து ஆடுங்கள். விரல் விட்டு எண்ணினால் எண்ணட்டும், தடுக்காதீர்கள்.

நாலைந்து ஆட்டம் பழகிய அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன்பே ஒரு சீட்டை எடுத்து ஒளித்துவிடுங்கள். கடைசியில் ஜோடி இல்லாமல் ஒரு 3 தனியாக நிற்கும். அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு “அப்போ நீங்க ஒளிச்சது ஏழு!” என்று கத்துவார்கள். கழித்தல் என்ற பேச்சையே நாம் எடுத்திருக்க மாட்டோம்.

ஒன்று மட்டும், வேண்டுமென்றே தோற்காதீர்கள், பிள்ளைகள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.