அம்மோனியம் நைட்ரேட் படிகம் ஒரு பக்கம் மட்டும் கரைந்த சிக்கல்: தீர்வு

லாம்ப்ஸ் என்ற மூலக்கூறு இயக்க உருவகப்படுத்தல் மென்பொருளில் அம்மோனியம் நைட்ரேட் படிகப் பலகை, இருபுறமும் நீர்ப்படலம், அதற்கப்பால் வெற்றிடம். 298 கெல்வினில் ஒரு முகத்து அயனிகள் மட்டும் மளமளவென்று கரைந்தன. வெப்பநிலையும் மொத்த ஆற்றலும் ஒழுங்காகத் தெரிந்ததால் பல நாள் வீணானது.

நேரப்படியை (ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் இடைப்பட்ட நேரம்) 0.5 ஃபெம்டோ நொடியாகக் குறைத்தும் பயனில்லை. நீர் மாதிரியை மாற்றியதில் வேகம்தான் மாறியது. வெற்றிடத்தை அகலமாக்கியபோது ஒருபக்கக் கரைவு சற்றே குறைந்தது; துப்பு அங்கேதான் கிடைத்தது.

நீரின் இருமுனைத் திருப்புதிறனை உயரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். பரப்பை ஒட்டாத நடுப்படல நீரும் ஒரே திசையில் சாய்ந்திருந்தது. வெட்டிய பலகை ஒரு முகத்தில் அம்மோனியத்திலும் மறுமுகத்தில் நைட்ரேட்டிலும் முடிந்திருந்தது; அதனால் ஒரு முகம் நேர், மறுமுகம் எதிர் மின்னூட்டம் பெற்று, இடையே மின்புலம் உண்டானது. மொத்த மின்னூட்டம் சுழி என்பதால் எந்த எச்சரிக்கையும் வராது.

எல்லையை 'பி பி எஃப்' ஆக்கி (இரு திசைகளில் பெட்டி திரும்பத் திரும்ப வரும், உயரத் திசையில் வராது), நெடுந்தூர மின்விசைக் கணக்கீட்டை அமைக்கும் கேஸ்பேஸ் மாடிஃபை வரியில் 'ஸ்லாப் 3.0' சேர்த்தேன். இது பிம்பப் பலகைகளின், அதாவது கணக்கீட்டில் மேலும் கீழும் திரும்ப வரும் பலகை நகல்களின், தாக்கத்தை நீக்கும். ஆனால் படிகத்துக்குள் உள்ள மின்புலம் போகாது. அதற்கு, வெளி அடுக்கு அம்மோனியத்தில் பாதியை மறுமுகத்துக்கு நகர்த்த வேண்டும். ஆவியாகும் மூலக்கூறு எல்லை தாண்டினால் ஓட்டமே நின்றுவிடும், ஆகவே மேலும் கீழும் பிரதிபலிப்புச் சுவர் கட்டாயம். இப்போது இரு முகமும் ஒரே வேகத்தில் கரைகின்றன; பெரிய நிம்மதி.