ஃபாரின் யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்றப்போ நம்ம ஊர் பிள்ளைங்க செய்ற தப்புங்க

ஜூலை பொறந்தா போதும், தெரிஞ்சவங்க மூலமா பிளஸ் டூ பிள்ளைங்களும் அவங்க அப்பாமாரும் லேப்டாப்பத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துருவாங்க. எங்க செட்டு அடிச்ச அதே கூத்தைத்தான் இவங்களும் அடிக்கிறாங்க. ஸ்பெல்லிங் பாருங்க, மார்க் எடுங்கன்னெல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

எய்டு (ஃபீஸுக்கு காலேஜே தர்ற பண உதவி) வேணுமான்னு கேட்டா 'வேணாம்'னு டிக் அடிக்கிறது

இதை நெனச்சா இன்னும் பத்திக்கிட்டு வருது. மதுரை கீழமாசி வீதியில கடை வெச்சிருக்கவரு மகன், கெட்டிக்காரப் பய. கன்சல்டன்சில என்ன சொல்லிருக்காங்கன்னா, "எய்டு கேட்டா சீட்டு தரமாட்டாங்க சார், இப்ப வேணாம்னு போட்டு உள்ள போயிருவோம், அப்புறம் கேட்டு வாங்கிக்கலாம்." மார்ச் கடைசில அமெரிக்கால ஒரு காலேஜ்ல சீட்டும் வந்துச்சு, தெருவுக்கே ஸ்வீட்டு குடுத்தாரு. அப்புறந்தான் கணக்கு பாக்குறாங்க, ஃபீஸு, தங்க, சாப்பிட எல்லாம் சேத்து வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல, நம்ம காசுல 65 லட்சத்தைத் தாண்டுது, அதுவும் நாலு வருஷத்துக்கு. ஒத்தக்கடை பக்கம் இருக்க இடத்த வித்தாக்கூட பாதிக்கு காணாது. எய்டு கேட்டு மெயில் போட்டா, அப்ளை பண்றப்போ கேக்காதவங்களுக்கு பின்னாடி கிடையாதுன்னு ரெண்டு வரில பதில். பய இப்ப இங்கனயே இன்ஜினியரிங் படிக்கிறான்.

அமெரிக்கால எல்லா காலேஜும் ஒரே மாதிரி இல்லங்க. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி இதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கும் 'நீட் பிளைண்ட்', அதாவது நீங்க காசு கேக்குறீங்களான்னு பாத்து சீட்டு முடிவு பண்றதில்ல, எடுத்துட்டா குடும்பத்தால முடியாத மிச்சத்த அவங்களே பாத்துக்குவாங்க. அங்க கேக்குறதுல பத்து பைசா நஷ்டம் இல்ல. இவன் அங்கயும் 'வேணாம்'னு போட்டு வெச்சிருக்கான்! ஸ்டான்போர்டு மாதிரி இடத்துல கேட்டா சான்ஸ் கொறையலாம், அது நெசந்தான், ஆனா அப்ப கேக்கலன்னா நாலு வருஷமும் கேக்க முடியாதுன்னு அவங்க சைட்லயே போட்டிருக்கு. கன்சல்டன்ட் அதப் படிக்கல, இல்ல படிச்சும் சொல்லல.

எய்டுக்கு சிஎஸ்எஸ் ப்ரொஃபைல்னு ஒரு ஃபார்ம் இருக்கு. வருமானம், வீடு, சேமிப்பு எல்லாம் கேக்கும், ரூபாயிலயே போடலாம். "கடை கணக்க வெள்ளக்காரன்ட்ட எதுக்குச் சொல்லணும்"னு முறைக்கிற அப்பாமாருக்கு ஒண்ணு சொல்றேன்: சொல்லாட்டி நீங்கதான் முழுசா கட்டணும்.

இனிஷியல்

மார்க்‌ஷீட்ல இனிஷியல், பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம். எஸ்ஏடி (காலேஜ் அட்மிஷனுக்கான பரீட்சை), டோஃபல் (இங்கிலீஷ் பரீட்சை), காமன் ஆப் (பல அமெரிக்க காலேஜுக்கு ஒரே ஃபார்ம்ல அப்ளை பண்ற சைட்) எல்லாத்துலயும் பேர பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே போடுங்க.

கன்சல்டன்ட் எழுதித் தர்ற எஸ்ஸே

காமன் ஆப்ல உங்களப் பத்தி எழுதுற கட்டுரை, அதிகபட்சம் 650 வார்த்தை. நீங்களே எழுதுங்க.

ரெகமெண்டேஷன்

உங்களப் பத்தி வாத்தியார் எழுதுற சிபாரிசு லெட்டருக்கான லிங்க் சாரோட மெயிலுக்குத்தான் போகும், அவரு மெயிலத் தொறந்தே மாசக்கணக்கா ஆயிருக்கும். நேர்ல போயி சொல்லுங்க, அவரு வகுப்புல நீங்க என்ன கேட்டீங்க, என்ன செஞ்சீங்கன்னு ஒரு பக்கம் எழுதியும் குடுங்க. இல்லன்னா "நன்னடத்தை உடையவர், கீழ்ப்படிதல் உள்ளவர்"னு டிசி-ல இருக்க மாதிரியே இங்கிலீஷ்ல ஒண்ணு போகும்.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ்

யூஜி டிகிரிக்கு ஒரே வருஷத்துல ரெண்டுக்கும் போட முடியாது. யூகாஸ்ல (பிரிட்டன் காலேஜுங்களுக்கு அப்ளை பண்ற சைட்) இந்த ரெண்டுக்கும் கடைசி நாள் அக்டோபர் 15. அமெரிக்கா மாதிரி ஜனவரின்னு நெனச்சு, காலாண்டு லீவு முடியட்டும்னு உக்காந்திருக்காதீங்க, சாரோட ரெஃபரன்ஸ் ஏறுனாத்தான் அந்த அப்ளிகேஷனே போகும்.