இத்தாலியன் சிம்பொனி: இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் வைத்துக் கேட்பது எப்படி

எந்தப் பதிவு வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் ஒரு பெயரை மட்டும் சொல்வதில்லை. இரண்டை எடுத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள் என்பேன். பழகுவதற்கு ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சனின் நான்காவது சிம்பொனி, அந்த 'இத்தாலியன்', தோதானது. மொத்தமே அரை மணி நேரம்தான்.

முதலில் காதுக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான். முதல் பகுதி எத்தனை நிமிடம் என்று பாருங்கள். பத்தைத் தாண்டினால் அதன் தொடக்கப் பாகத்தை இரண்டு முறை வாசிக்கிறார்கள். எட்டுக்குள் முடிந்தால் இரண்டாம் முறையை விட்டுவிட்டார்கள். கேட்டதைத்தானே மறுபடி கேட்கப் போகிறோம் என்று நினைக்காதீர்கள். திரும்பிப் போவதற்கென்றே மெண்டல்சன் தனியாகக் கொஞ்சம் இசை எழுதியிருக்கிறார். விட்டுவிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். எனக்கு அதில் சமாதானமே கிடையாது.

அப்புறம் முதல் பத்து விநாடி. தந்திகளில் ஒரு சுண்டு, உடனே காற்றுக் கருவிகள் ஒரே ஸ்வரக் கூட்டைத் தடதடவென்று அடுக்குகின்றன, அதன் மேல் வயலின்கள் பாய்கின்றன. அந்தத் தடதடப்பு ஒவ்வொரு மணியாகக் கேட்கிறதா, குழம்பிப் போகிறதா? நல்ல பதிவில் வயலின் வந்த பிறகும் அது அடியில் துடிக்கும்.

இரண்டாம் பகுதியில் செலோவும் டபுள் பாஸும் நிற்காமல் நடந்துகொண்டே இருக்கும். போன் ஸ்பீக்கரில் இந்த நடை காணாமல் போய்விடும். ஹெட்போன் கட்டாயம்.

மூன்றாம் பகுதியைச் சும்மா ரசியுங்கள். கடைசிப் பகுதி சால்டரெல்லோ, குதித்து ஆடும் இத்தாலிய நடனம். இங்கே ஆர்கெஸ்ட்ராவின் இரண்டு வயலின் குழுக்களான முதல் வயலின்களும் இரண்டாம் வயலின்களும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் சங்கதி. நடத்துநர் கிளெம்பரர் பில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவில் முதலாமவர்கள் இடது பக்கம், இரண்டாமவர்கள் வலது பக்கம். நிறையப் பதிவுகளில் இருவருமே இடது பக்கம் குவிந்திருப்பார்கள். நான் ஒரு மாதம் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு, ஒலிப்பதிவு செய்தவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்கும் முன் ஹெட்போனில் போட்டிருக்கும் L, R எழுத்தைப் பார்த்துவிடுங்கள்.

காது பழகிய பிறகு நடத்துநர் கார்டினர் வியன்னா பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு செய்த பதிவுக்குப் போகலாம். 1833இல் லண்டனில் முதன்முதலாக வாசித்த வடிவம் மெண்டல்சனுக்குத் திருப்தி தரவில்லை. அடுத்த வருடம் கடைசி மூன்று பகுதிகளையும் திருத்தினார். ஆனால் உயிரோடிருந்த வரை அச்சுக்குக் கொடுக்கவே இல்லை. நாம் வழக்கமாகக் கேட்பது பழைய வடிவத்தைத்தான். கார்டினர் இரண்டையும் வாசித்திருக்கிறார். இரண்டாம் பகுதியை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். அதில் மெண்டல்சன் மெட்டையே மாற்றியது அவருடைய அக்கா ஃபானிக்குப் பிடிக்கவில்லை. நானும் அக்கா கட்சிதான்.